டிரை கிளட்சை வெட் ஆக்குவது: ஆயில் ஊற்றினால் போதுமா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், அங்கே பைக் ஓட்டுவது முழுக்க இடது கை வேலைதான். முதல் கியர், ஹாஃப் கிளட்ச், நாலடி நகர்வு, மறுபடி பிரேக். மணலி பக்கம் திரும்பினாலும் இதே கதை. இந்த மாதிரி ஓட்டத்தில் வண்டியில் முதலில் அடி வாங்குவது கிளட்ச். டிரை கிளட்ச் உள்ள வண்டி என்றால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கும். பழைய ஹார்லியையோ டுகாட்டியையோ ஆசைப்பட்டு வாங்கியவர்கள், புல்லட்டில் பெல்ட் டிரைவ் கிட் (என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினுக்குப் பதிலாக ரப்பர் பெல்ட்) மாட்டியவர்கள் எல்லாம் ஒரு கட்டத்தில் மெக்கானிக் ஷெட்டில் வந்து கேட்கும் கேள்வி இதுதான்: இதை வெட் கிளட்சாக மாற்ற முடியுமா?

முடியும். எல்லா வண்டியிலும் முடியாது. முடிகிற வண்டியிலும், நிறையப் பேர் நினைக்கிற மாதிரி அது கவரைத் திறந்து ஆயில் ஊற்றுகிற வேலை இல்லை.

அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கலாம். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் மல்டி பிளேட் கிளட்ச்தான். ஒரு டிரம் மாதிரி இருக்கும் வெளிக்கூட்டை ஹவுசிங் அல்லது பேஸ்கட் என்பார்கள். அது என்ஜினோடு சேர்ந்து சுற்றும். உள்ளே நடுவில் இருப்பது ஹப், அது கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும். இரண்டுக்கும் இடையே இரண்டு வகை பிளேட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் காதுகள் வெளியே ஹவுசிங்கில் மாட்டும். ஸ்டீல் பிளேட்டின் பற்கள் உள்ளே ஹப்பில் மாட்டும். ஸ்பிரிங்குகள் மொத்த அடுக்கையும் அழுத்திப் பிடித்திருக்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும், வண்டி ஓடும். கிளட்சைப் பிடித்தால், ஸ்பிரிங்கின் அழுத்தத்தை அடுக்குக்குக் கொடுக்கும் பிரஷர் பிளேட் விலகும், அழுத்தம் போகும், பிளேட்டுகள் தனித்தனியாகச் சுற்றும், என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த அடுக்கு காற்றில் சுற்றினால் டிரை. ஆயிலில் நனைந்தபடி சுற்றினால் வெட். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இதனால் மாறுகிற விஷயங்கள் நிறைய.

டிரை கிளட்ச் என்றதும் ஏதோ இத்தாலிச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தெருவுக்குப் பத்து நிற்கிற ஆக்டிவாவில் இருப்பதும் டிரை கிளட்ச்தான். பின்சக்கரத்துப் பக்கம், பெல்ட் ஓடும் கவருக்குள், வேகம் கூடினால் விரிந்து, பெல் என்கிற கிண்ணத்தின் உள்பக்கத்தைப் பிடிக்கும் ஷூக்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் நிற்கும்போது ஸ்கூட்டரை ஓட்டிவிட்டு, வெளியே வந்தபின் ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. தண்ணீர் உள்ளே போய் பெல்ட்டும் ஷூவும் வழுக்குகின்றன. காய்ந்தால் சரியாகிவிடும். காரிலும் பெரும்பாலும் டிரைதான், ஒரே ஒரு பெரிய பிளேட். மாறாக, பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், இன்றைய பல்சர் வரை நம் ஊர் கியர் வண்டிகள் எல்லாமே வெட். ஆகவே நமக்கு இரண்டும் பழக்கமானவைதான், பெயர் வைத்துக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, ஆயில் எதற்கு? முதல் காரணம் சூடு. சிக்னலிலிருந்து கிளம்பும்போது என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, பின்சக்கரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கிளட்ச் வழியாக என்ஜின் 20 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்தால், கணக்குப்படி 4 கிலோவாட்டுக்கு மேல் சக்தி பிளேட்டுகளுக்கு நடுவே வெறும் சூடாகப் போகிறது. வண்டி வேகம் பிடிக்கப் பிடிக்க இது குறைந்து, கிளட்ச் முழுக்கப் பிடித்ததும் நின்றுவிடும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை? ஸ்டீல் பிளேட் மெல்லிய தகடு, அதனால் அதிகச் சூட்டை வைத்துக்கொள்ள முடியாது. டிரை கிளட்சில் அந்தச் சூட்டை எடுத்துப் போக வேண்டியது காற்று. டுகாட்டிகளில் ஓட்டை போட்ட கிளட்ச் கவர் இருப்பது வெறும் அழகுக்காக இல்லை. ஊர்ந்து போகிற வண்டியில் காற்று எங்கிருந்து வரும்? அதிலும் மே மாத வெயிலில். வெட் கிளட்சில் ஆயில் ஓடிக்கொண்டே இருப்பதால் சூட்டை வாங்கி வெளி உறையான கேஸுக்குக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, சத்தமும் தேய்மானமும். டிரை கிளட்சில் ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் காதுக்கும், அது மாட்டுகிற ஹவுசிங் பிளவின் பக்கச் சுவரான ‘விரலுக்கும்’ நடுவே சின்ன இடைவெளி இருக்கும். கிளட்சைப் பிடித்ததும் பிளேட்டுகள் அந்த இடைவெளியில் ஆடி, டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி கலகலவென்று சத்தம் வரும். அதற்காகவே அந்த வண்டியை வாங்குகிறவர்கள் உண்டு, அவர்களோடு சண்டை போட முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் ஹவுசிங்கில் ஓர் அடி. பழைய டிரை கிளட்சைக் கழற்றி ஹவுசிங் விரல்களின் உள்பக்கத்தை நகத்தால் வருடிப் பாருங்கள், வரிசையாகப் பள்ளம் தட்டுப்படும். பிளேட் நகரும்போது அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். அப்போதுதான் கிளட்ச் திக்கித் திக்கிப் பிடிக்கிறது, நியூட்ரல் விழமாட்டேன் என்கிறது என்று புகார் ஆரம்பிக்கும். ஆயில் இருந்தால் இந்த அடியை அது கொஞ்சம் தாங்கும்.

டிரை கிளட்சுக்கும் நியாயம் இருக்கிறது. ஆயிலைக் கலக்கிச் சுற்றுவதில் வீணாகிற சக்தி இல்லை. பிளேட் தேய்ந்து வரும் தூள் என்ஜின் ஆயிலில் சேராது. கவரைக் கழற்றினால் கையில் கிளட்ச், ஆயில் வடிக்க வேண்டியதில்லை. ரேஸில் இது எல்லாம் பெரிய விஷயம், அதனால்தான் மோட்டோஜிபி வண்டிகளில் இன்னமும் டிரை கிளட்ச் ஓடுகிறது. அந்தக் காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் நடந்த மாதிரி திறந்தவெளியில் நீட்டாக ஓட்டினால் டிரை கிளட்ச் ஒரு குறையும் சொல்லாது. தெருவுக்கு என்று வரும்போது கம்பெனிகளே ஒவ்வொன்றாக மாறிவிட்டன. ஹார்லி 1984 வாக்கில் தன் பெரிய என்ஜின்களில் வெட்டுக்கு வந்தது. டுகாட்டியின் முதன்மை சூப்பர்பைக்குகளில் 1198 வரை டிரை, 2012இல் வந்த 1199 பனிகாலே வெட். பிஎம்டபிள்யூவின் ஆர் 1200 ஜிஎஸ் 2013 மாடலில் மாறியது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கொருக்குப்பேட்டையில் ஒரு ஷெட்டில் ஒரு பையன் கேட்டான்: “ண்ணா, கவர அடைச்சு ஆயில ஊத்திட்டா வெட் ஆயிடாதா?” மெக்கானிக் தலையைத் தூக்காமலே சொன்னார்: “ஆயிடும்பா. வண்டிதான் நவுராது.”

ஏன் நகராது? ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பது நாலு விஷயங்களின் பெருக்கல்: பிளேட்டின் உராய்வு எண், உரசும் பரப்புகளின் எண்ணிக்கை, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம். காய்ந்த பிளேட்டின் உராய்வு எண் சுமார் 0.3 முதல் 0.4 வரை. ஆயிலில் நனைந்தால் 0.1 முதல் 0.15 தான். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்ற மூன்றையும் தொடாமல் ஆயிலை மட்டும் ஊற்றினால், கிளட்சின் பிடியும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். எந்தக் கம்பெனியும் கிளட்சில் மூன்று மடங்கு உபரி வைத்து வண்டி செய்வதில்லை. இரண்டாவது கியரில் திருகினாலே என்ஜின் ஏறும், ஸ்பீடோமீட்டர் ஏறாது.

எண்ணெய்க் கையால் பாட்டில் மூடியைத் திறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு கையும் சேர வேண்டும். இறுக்கிப் பிடிப்பது என்றால் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவது. கிளட்ச் லீவர் கல்லாகிவிடும், டிராஃபிக்கில் கை வீங்கும். ஆகவே பெரும்பாலும் பிளேட்டுகளைக் கூட்டுகிறார்கள். ஒரு கணக்கு போடுவோம். டிரையில் ஒரே பிளேட், இரண்டு பக்கமும் உரசுகிறது: 0.35 பெருக்கல் 2, ஆக 0.70. வெட்டில் மூன்று ஃப்ரிக்‌ஷன் பிளேட், ஆறு பரப்பு: 0.12 பெருக்கல் 6, ஆக 0.72. ஸ்பிரிங்கும் ஆரமும் அதே என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிடி. வெட் கிளட்சில் பெரும்பாலும் அடுக்கு உயரமாக இருப்பதன் ரகசியம் இதுதான். உயரமான அடுக்கு வேண்டும் என்றால் ஆழமான ஹவுசிங்கும் நீளமான ஹப்பும் வேண்டும். அங்கேதான் மாற்றும் வேலை பெரிதாகிறது.

பிளேட்டின் பொருளும் வேறு. வெட் பிளேட்டில் ஒட்டியிருப்பது காகித வகைப் பொருளோ, கார்க்கோ, கெவ்லார் கலந்ததோ. அதில் நுண்ணிய துளைகளும் மேலே வெட்டுக் கோடுகளும் இருக்கும். ஸ்பிரிங் அழுத்தும்போது நடுவில் மாட்டிய ஆயில் அந்தக் கோடுகள் வழியாக வெளியேறி, மிக மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். படலம் மெல்ல மெல்லக் குறைவதால்தான் வெட் கிளட்ச் இழுக்காமல், உதறாமல், மெதுவாகக் கடிக்கிறது. டிரைக்கென்று செய்த பிளேட்டை ஆயிலில் போட்டால் இந்த வழி இல்லை, வழுக்கிக்கொண்டே சூடாகிக் கருகும். வெட் பிளேட்டை ஆயில் இல்லாமல் ஓட்டினாலும் கருகும், இன்னும் சீக்கிரமாக.

இப்படிக் கருகிய அடுக்கு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால் மறக்காது. ஸ்டீல் பிளேட்டில் அங்கங்கே நீலமும் பழுப்புமாகத் திட்டு. சமதளத்தில் வைத்தால் ஒரு பக்கம் தூக்கி ஆடும். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டின் முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், விரல் வைத்தால் வழுவழுவென்று இருக்கும். அந்தத் தீய்ந்த வாசனை மூக்கை விட்டுப் போகாது. இதற்கு மணல் தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டுவது ஒரு வாரத்துக்கான வைத்தியம்.

ஆக, மாற்றும்போது உண்மையில் என்னென்ன மாற வேண்டும்? வண்டிக்கு வண்டி வேறு. மூன்று உதாரணம் சொல்கிறேன், சுலபமானதிலிருந்து.

பெல்ட் டிரைவ் போட்ட பழைய புல்லட். 1956இலிருந்து திருவொற்றியூரில் தயாரான அந்த வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் பிறவியிலேயே வெட் கிளட்ச்தான். என்ஜினிலிருந்து கிளட்சைச் சுற்றும் பிரைமரி செயினும் கிளட்சும் ஒரே கேஸில், தனி ஆயிலில் ஓடும். பெல்ட் கிட் மாட்டும்போது ஆயிலை எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டுக்கு ஆயில் ஆகாது. ஆயில் இல்லை என்றால் கிளட்சும் டிரை. திரும்ப வெட் வேண்டுமென்றால் பெல்ட்டையும் புல்லிகளையும் கழற்றி, என்ஜின் ஸ்ப்ராக்கெட், டூப்ளெக்ஸ் (இரட்டை வரிசை) செயின், அதற்கேற்ற கிளட்ச் ஸ்ப்ராக்கெட், செயின் டென்ஷனர், ஆயிலுக்கான பிளேட் செட் எல்லாம் பழையபடி போட வேண்டும். சாமான் புதுப்பேட்டையில் கிடைக்கும். தலைவலி கவர். பெல்ட்டுக்குக் காற்று வரட்டும் என்று சிலர் கவரில் ஓட்டை போட்டிருப்பார்கள், அது இனி உதவாது. நல்ல கவராக இருந்தாலும் இந்தப் பழைய மாடலில் அதைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட்டு, ஓரத்தில் ஒரு ரப்பர் சீல். ஒழுகுகிறது என்று அந்த நட்டை மேலும் மேலும் முறுக்குகிறவர்கள் உண்டு. கவர்தான் வளையும், ஒழுகல் நிற்காது. சீலைப் புதிதாகப் போட்டு, இரண்டு முகமும் சமமாக உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

அடுத்தது 1984க்கு முந்தைய பெரிய ஹார்லி. அதில் கிளட்ச் டிரைதான், ஆனால் அதே கேஸில் ஓடும் பிரைமரி செயினுக்கு என்ஜின் ஆயில் சொட்டுச் சொட்டாக வரும், மிஞ்சியது திரும்ப என்ஜினுக்கே போகும். முழு வெட் ஆக்க வேண்டுமென்றால் அந்த வரத்தையும் போக்கையும் அடைக்க வேண்டும். இல்லையென்றால் பிரைமரியில் ஊற்றியதை என்ஜின் குடிக்கும், அல்லது என்ஜின் ஆயில் இங்கே வந்து நிறையும். பிறகு பிரைமரி கேஸுக்கும் என்ஜினுக்கும் நடுவிலும், கியர் பாக்ஸ் மெயின் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்திலும் சீல் நன்றாக இருக்க வேண்டும். ஆயில் தாங்கும் பிளேட்டுகள் வேண்டும். அலுமினியக் கவர் உள்ள மாடலில் இது நடக்கும். அதற்கும் முந்தைய தகரக் கவர் மாடலில் ஆயிலை உள்ளே நிறுத்துவதே பெரும்பாடு.

மூன்றாவது டுகாட்டி. இங்கே பிரைமரி கியர் ஆயிலுக்குள், கிளட்ச் அந்தக் கவருக்கு வெளியே. வெட் ஆக்க வேண்டுமென்றால் கிளட்சை உள்ளே கொண்டுவர வேண்டும். கிளட்ச் பக்கத்து என்ஜின் கவர், ஹவுசிங், ஹப், பிளேட், பிரஷர் பிளேட் எல்லாமே வெட் கிளட்ச் உள்ள உடன்பிறப்பு மாடலிலிருந்து வர வேண்டும். கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் நீளமும் பற்களும் பொருந்துகிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் என்ஜினைப் பிளக்க வேண்டியதுதான். சந்தையில் ரெடிமேட் கிட் தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் எதிர்த் திசை, அதாவது வெட்டை டிரை ஆக்கும் கிட்டுகள். அந்தக் கலகல சத்தத்துக்கு அவ்வளவு ரசிகர்கள்.

பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸரிலும் பழைய மோட்டோ குஸ்ஸியிலும் என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே, காரைப் போல, ஃப்ளைவீலோடு கிளட்ச் உட்கார்ந்திருக்கும். இதை வெட் ஆக்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கே ஆயில் தெரிந்தால் அது கிராங்க் சீலோ கியர் பாக்ஸ் சீலோ போய்விட்டதற்கான அடையாளம்.

ஸ்கூட்டரையும் விட்டுவிடலாம். அங்கேயும் பெல்ட் இருக்கிறது, ஆயிலும் பெல்ட்டும் சேராது.

எந்த வண்டியானாலும் கவனிக்காமல் விடுகிற இரண்டு சின்னச் சாமான்கள் உண்டு. ஒன்று, கிளட்சைப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட்டை விலக்க உதவும் ரிலீஸ் பேரிங். டிரை கிளட்சில் கிரீஸ் அடைத்து மூடிய பேரிங் இருக்கும். ஆயிலுக்குள் போகும்போது அந்த இடத்துக்கு எது பொருத்தம் என்று கேட்டுப் போட வேண்டும். இன்னொன்று பிரீதர், அதாவது காற்று வெளியேறும் வழி. மூடிய கேஸில் ஆயில் சூடானால் உள்ளே காற்று விரியும், போக வழி இல்லையென்றால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். மூன்று தடவை சீல் மாற்றியும் ஒழுகுகிறது என்றால் பிரீதரைப் பாருங்கள்.

இனி ஆயில். வெட் கிளட்ச் வந்தபின் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிற பழக்கம் வர வேண்டும். ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருந்தால் வெட் கிளட்சுக்கானது. ஜாசோ எம்பி என்றால் உராய்வு குறைந்தது, ஸ்கூட்டருக்கு. ஸ்கூட்டர் என்ஜின் ஆயில் கிளட்சைத் தொடுவதே இல்லை என்பதால் அங்கே அது நல்லது. அதே டப்பா பைக்குக்குப் போனால் பிளேட் வழுக்கும். கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவது நடக்கிற விஷயம்தான். எரிபொருள் மிச்சம் என்று விளம்பரப்படுத்தும் கார் ஆயில்களிலும் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள், அதையும் தவிர்க்க வேண்டும். பிரைமரி தனியாக இருக்கும் வண்டியில் அளவும் முக்கியம். பழைய புல்லட்டில் ஆயில் மட்டத்தைக் காட்டும் லெவல் ஸ்க்ரூ இருக்கிறது, அதுவரைதான். அதிகம் ஊற்றினால் பிளேட்டுகள் பிரியாமல் இழுக்கும், முதல் கியர் டொக்கென்று விழும், சிக்னலில் நியூட்ரல் தேடியே பச்சை விழுந்துவிடும்.

என்னைக் கேட்டால், தினமும் ராயபுரத்திலிருந்து ஓட்டி வேலைக்குப் போகிற வண்டி, கம்பெனியே அதே என்ஜினில் வெட் கிளட்ச் விட்டிருக்கிறது, சாமான் கிடைக்கிறது என்றால் மாற்றலாம். லேத்தில் ஹவுசிங் கடைந்து, கவர் வார்த்து, எங்கிருந்தோ பிளேட் பொருத்தி என்று போகிற வேலையை நான் சொல்ல மாட்டேன். வியாசர்பாடி லேத் பட்டறைகளில் கைவேலைக்குக் குறைவில்லை, ஆனால் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றுகிற ஹவுசிங் கொஞ்சம் மையம் தப்பினாலும் பேரிங்கைத் தின்றுவிடும். அந்தப் பணத்தில் டிரை கிளட்சுக்கே புது ஹவுசிங்கும் பிளேட் செட்டும் போட்டு, தூளை அவ்வப்போது துடைத்து, டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்சிலேயே நிற்காமல் நியூட்ரலுக்கு வந்தால் நன்றாகவே ஓடும்.

மாற்றிவிட்டீர்கள் என்றால், புது வெட் பிளேட்டுகளைக் காய்ந்தபடி மாட்டாமல், போடப்போகிற ஆயிலிலேயே சில மணி நேரம் ஊறவைத்து மாட்டச் சொல்லுங்கள். வண்டியை எடுத்ததும் காலியான நேரான சாலையில், மேல் கியரில், மிதமான வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பாருங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் திரும்ப ஷெட்டுக்குத்தான். காலையில் ஆயில் குளிர்ந்து பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், கிளட்சைப் பிடித்தபடி ஒரு கிக் அடித்துப் பிரித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், பழைய புல்லட்காரர்கள் எல்லாம் செய்வதுதான். புது பிளேட்டிலிருந்து தூள் கொஞ்சம் உதிரும், அதனால் முதல் ஆயிலை வழக்கமான கணக்கு வரைக்கும் வைத்திருக்காமல் ஒரு 500 கிலோமீட்டரிலேயே வடித்து மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால் பழுப்புத் தூள் தெரியும், அது சகஜம். அலுமினியச் சீவல் மினுங்கினால் மட்டும் கவரைத் திறந்து ஹவுசிங்கைப் பாருங்கள்.